நீலச் சீட்டுக் குட்டிகள்

என் தங்கையின் கணவருக்கு வேலை செய்கிற இடத்தில் செகண்டு என்று பெயர். ஸ்டாப்வாட்ச் ஒன்று எப்போதும் கறுப்புக் கயிற்றில் அவர் கழுத்தில் தொங்கும். "குளிக்கும்போதாவது கழட்டுவீங்களா தம்பி?" என்று கேட்டால், "சோப்புப் போட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்க வேணாமாக்கா?" என்பார். அப்போதெல்லாம் சிரிக்கத் தெரிந்த மனிதர்.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில்தான் வேலை பார்க்கிறோம். மருத்துவ ஆராய்ச்சி செய்கிற இடம். அதன் கீழ்த்தளத்தில் எலி வளர்க்கிற பிரிவு. நான் கூண்டு கழுவுகிறவள். கூண்டு என்றால் முழுக் கம்பிக் கூண்டு இல்லை, மூடி மட்டும் கம்பியாக இருக்கிற பிளாஸ்டிக் பெட்டி. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பெட்டி. மரத்தூளையும் புழுக்கையையும் தட்டிக் கொட்டி, கொதிக்கிற தண்ணீரில் அலசி, காயவைத்து அடுக்க வேண்டும். பதினோரு வருடத்தில் அந்த நாற்றம் என் மூக்குக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத்தான் பழகவில்லை. அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது நான். அவருக்கு என் தங்கையைக் கட்டிவைத்ததும் நான். ஆகவே அவரைத் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. இந்தக் கதையில் பாதித் திட்டு எனக்கும் சேர வேண்டியது.

அவருடைய வேலை பிறந்த குட்டிகளோடு. எலிக்குட்டியைப் பிறந்த அன்றைக்குப் பார்த்திருக்கிறீர்களா? சுண்டுவிரலில் பாதி இருக்கும். மயிர் கிடையாது, கண் திறந்திருக்காது, காது மண்டையோடு ஒட்டியிருக்கும். குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குத் தோல் மெல்லிசு. மறுநாள் ஒவ்வொரு தாயிடமும் எட்டுக் குட்டியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்தது எங்கே போகும் என்று கேட்காதீர்கள்.

அந்த எட்டையும் அவர் தினமும் சோதிப்பார். குட்டியை மல்லாக்கப் போட்டு வாட்சை அமுக்குவார். அது நான்கு காலையும் உதைத்து, இடுப்பை முறுக்கி, தத்தளித்து, ஒருவழியாகக் குப்புறத் திரும்பியதும் நிறுத்துவார். முதல் நாள் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். ஆறாம் நாள் போட்ட கையோடு திரும்பிவிடும். சாய்வுப் பலகையில் தலை கீழே இருக்கும்படி வைத்தால், பத்தாம் நாளுக்குள் தானாக உடம்பைத் திருப்பி மேல்நோக்கி நிற்க வேண்டும். நடை பழகும்போது, முதலில் முன்னங்கால்களை மட்டும் ஊன்றி, பின்பக்கம் மூட்டையாகக் கிடக்க, இருந்த இடத்திலேயே வட்டமடிக்கும். அப்புறம் வயிற்றைத் தேய்த்து நகரும். பன்னிரண்டு பதின்மூன்றாம் நாளில் வயிறு தரையை விட்டு எழும்பும். பதினைந்தில் கண் திறக்கும். எந்த நாளில் எது வர வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அங்கே படித்தவர்கள்கூட அவருக்கு ஒரு மரியாதை கொடுப்பார்கள். அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்த புதிதில், யார் பேச்சையும் காதில் வாங்காத ஒரு வழுக்கைத்தலை ஆராய்ச்சிக்காரர் இருந்தார். ஒரு மாதமாகப் பிறந்த குட்டிகள் அத்தனையும் பழுது என்று எழுதிவைத்துவிட்டார். எதுவும் நேரத்துக்குத் திரும்பவில்லை. இவர் மெதுவாகப் போய், "சார், மேசை மேல ஏசி காத்து நேரா விழுது. குட்டி குளிர்ந்து போச்சுன்னா திரும்பாது சார். சூடு வரட்டும், அப்புறம் பாருங்க" என்றார். வழுக்கைத்தலை முறைத்தது. இவர் ஒரு குட்டியை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு மல்லாக்கப் போட்டார். போட்டதும் திரும்பியது. அன்றைக்கே சுவரில் ஒரு விதி ஒட்டினார்கள்: முதலில் விளக்கடியில் சூடு, பிறகு மூன்று தடவை சோதனை, மூன்றிலும் திரும்பாவிட்டால்தான் 'இல்லை' என்று எழுத வேண்டும். கூடத்தில் எல்லோர் வாயிலும் "சூடு வரட்டும்" என்பதே பேச்சாகிவிட்டது. மேலாளர் கத்திக்கொண்டு வந்தால் மட்டும், "இவருக்குச் சூடு ஆறட்டும்" என்போம்.

அப்புறம்தான் டாக்டரம்மா வந்தாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த பெண். ஊசி போடத் தெரியாத டாக்டர் என்று முகத்துக்கு நேராகவே கேலி செய்வேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளுடைய கூண்டுகளில் மூன்று நிறத்தில் சீட்டுச் செருகியிருக்கும்: வெள்ளை, நீலம், மஞ்சள். கர்ப்பமான தாய் எலிகளுக்கு அந்தந்தச் சீட்டுப் போட்ட பாட்டிலில்தான் தண்ணீர். மஞ்சள் சீட்டுக் குட்டிகளுக்கு மட்டும் பிறந்த மறுநாளிலிருந்து வாயில் ஒரு சொட்டு மருந்து. எதில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் சோதிக்கிறவரின் கண் ஒரு பக்கம் சாயும், கணக்குக் கெட்டுப்போகும் என்பது அவர்களுடைய முறை. பாட்டிலை ரொப்புகிறவர் அவர், ஆனால் என்னத்தை ரொப்புகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நீலச் சீட்டுக் குட்டிகளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கத்தாது. முட்டி மோதிப் பால் குடிக்காது. தொட்டால் சில்லென்று இருக்கும். விளக்கடியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் மல்லாக்கப் போட்டது போட்டபடி கிடந்து, ஒரு காலை மட்டும் தூக்கித் தூக்கிப் போடும். பதினைந்தாம் நாள் மற்றக் கூண்டுகளில் குட்டிகள் மூடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது, இவை கண்ணை மூடிக்கொண்டு வயிற்றால் தேய்ந்துகொண்டிருக்கும். மூன்று தடவை, நான்கு தடவை பார்த்துவிட்டுத்தான் அவர் 'இல்லை' என்று எழுதுவார். விதியைவிட ஒரு தடவை அதிகமாகவே கொடுப்பார். இளகின மனசு.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. சின்ன ஆஸ்பத்திரி, சுகப்பிரசவம், பெண் குழந்தை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

குழந்தை எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. அழுதால்கூடக் கட்டைக் குரலில் இரண்டு தடவை முனகிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பாலுக்கு நாம்தான் எழுப்ப வேண்டும். குடிக்கக் குடிக்கத் தூங்கிவிடும். மஞ்சள் காமாலை மாதிரி ஒரு நிறம் போகவே இல்லை. "கலரு மாறிட்டு வருது" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். முகம் உப்பலாக இருந்தது. "குண்டுக் கன்னம்" என்று கிள்ளினோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "கொடுத்து வெச்சவடி நீ, தங்கமான புள்ள" என்று என் தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். ராத்திரியெல்லாம் கத்தி என் உயிரை வாங்கியதுகள். நானே வயிறெரிந்து சொன்னேன்: "எங்கடி வாங்கின இந்தப் புள்ளைய? எனக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கலாம்ல?"

ஒரு நாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் குழந்தைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் சுட்டுவிரலை அதன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் வாட்ச்.

"என்ன தம்பி, வீட்டுக்கும் எலி பிடிச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். "விரலப் பிடிக்க நேரம் எடுக்குதுக்கா. கை சில்லுனு இருக்கு. குளிரு போல. சூடு வரட்டும்."

நான் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் குழந்தைக்குப் பதினெட்டாம் நாள். இப்போது நினைத்தால் என் பல்லை நானே உடைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அது குளிர்காலம். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. குழந்தை தாமதமாகக் கையை அசைத்தால் குளிர். பிடித்த விரலைச் சீக்கிரம் விட்டால் குளிர். தூக்கும்போது கை கால் தொளதொளவென்று தொங்கினால் அதற்கும் குளிர். இரண்டு கம்பளி வாங்கினார். சுடுதண்ணீர்ப் பை வாங்கினார். கட்டிலுக்கு மேலே மஞ்சள் பல்பு ஒன்று மாட்டினார். வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் நடப்பார். சூடு ஏறியதும் கட்டிலில் போட்டு மறுபடி விரலைக் கொடுப்பார். கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிற மாதிரி அவருக்குத் தோன்றும். என் தங்கை பூரித்துப்போவாள். "அப்பான்னா இப்படி இருக்கணும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது நர்ஸ், "தூங்குமூஞ்சி, குத்தினாகூட அழ மாட்டேங்குது பாரு" என்று கொஞ்சினாள். அதையும் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அவர் அன்பில் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அன்பு குறைவாக இருந்திருந்தால் முதல் வாரமே ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பார். எந்தக் கை ஒரு நாள் ஆராய்ச்சிக்காரரின் வாயை அடைத்ததோ அந்தக் கையை அவர் நம்பினார். வேறு எந்த அப்பனும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

குழந்தைக்கு மூன்றரை மாதம் முடிகிற சமயம் வெயில் வந்துவிட்டது. திடீரென்று வந்தது, ஒரே வாரத்தில் ஊர் தகித்தது. ஒரு காலை அவர் கழுவுகிற அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே கொதிநீர் ஆவி. நான் தொப்பலாக நனைந்து பெட்டி அலசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வேர்க்குதா?"

"பாத்தா எப்படித் தெரியுது? கண்ணு தெரியலையா?"

"பாப்பாக்கு வேர்க்கலக்கா."

என் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். வீட்டில் ஃபேன் போட்டும் அவருக்கும் தங்கைக்கும் வியர்வை வழிகிறது. குழந்தையின் உடம்பு மட்டும் வறவறவென்று குளிர்ந்து கிடக்கிறது. தலை நிற்கவில்லை. குப்புறப் போட்டால் முகம் அப்படியே படுக்கையில் புதைகிறது.

"இனிமே குளிருன்னு சொல்ல முடியாதுக்கா" என்றார்.

நேரே அவரை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். ஊசி போடத் தெரியாதவளாக இருந்தாலும் நாலு பெரிய டாக்டரையாவது தெரிந்திருக்குமே என்கிற நினைப்பு. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எம் பொண்ணு நீலச் சீட்டு மாதிரி இருக்கா மேடம்."

அவள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். "நீலம் மாதிரின்னா? சரியா சொல்லுங்க. தூங்கிக்கிட்டே இருக்காளா? உடம்பு சில்லுனு இருக்கா? குரல் கட்டையா இருக்கா?" அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டத் தலையாட்ட, அவள் முகம் வெளுத்தது. கடைசியில் எழுந்தே நின்றுவிட்டாள். "எத்தனை மாசம்?"

"மூணரை."

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"எலி விஷயம்தான மேடம் உங்ககிட்ட பேசுவேன்" என்றார் அவர்.

தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொள்ள வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாத விதியெல்லாம் அன்றைக்குக் காற்றில் போயிற்று. நீலப் பாட்டிலில் இருந்தது தைராய்டு சுரப்பியை வேலை செய்ய விடாமல் அமுக்குகிற மருந்து. மஞ்சளுக்கும் அதேதான், ஆனால் அந்தச் சுரப்பி தர வேண்டிய சத்தைக் குட்டி பிறந்த மறுநாளிலிருந்தே வாயில் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் மஞ்சள் குட்டிகள் வெள்ளையோடு சேர்ந்து ஓடின. "இந்தக் குறையோட மனுசக் குழந்தைங்களும் பொறக்கும். யார் தப்பும் இல்ல" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் தப்பும் இல்லை என்பதில் அவருக்கு ஆறுதல் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தது. டாக்டரம்மா சொன்னதேதான். குழந்தை டாக்டர் வயதானவர், நல்லவர், ஆனால் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவர். "தினம் காலையில ஒரு சின்ன மாத்திரை. பொடிச்சுப் பால்ல குடுங்க, அவ்வளவுதான் வைத்தியம். ரெண்டு மூணு வாரத்துலயே ஆரம்பிச்சிருந்தா மத்த புள்ளைங்க மாதிரியே வளர்ந்திருக்கும். இப்ப உடம்பு தேறும். மூளை எவ்வளவு தேறும்னு வளர வளரத்தான் தெரியும்" என்றார். என் தங்கை குழந்தையை அணைத்துக்கொண்டு டாக்டரின் மேசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவருக்கு நாள் கணக்கை மாற்றிச் சொல்ல வராது.

"பதினெட்டாம் நாள்."

"தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல."

"தெரியல. குளிருன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் குளிருன்னு நெனச்சிருக்க மாட்டேனே. எனக்கு எலி தெரியாதே. டாக்டர்கிட்ட ஓடியிருப்பேனே." அதற்கப்புறம் அவள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், வார்த்தை மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "அக்கா, அவர்கிட்ட சொல்லு" என்பாள், அவர் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. என்னோடு ஏன் பேசுகிறாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கட்டிலில் வாட்சோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் நான் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரே மாதத்தில் குழந்தை வாய்விட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு என் தங்கை சிரித்தாள். கன்னத்து உப்பல் வடிந்தது. தலை நின்றது. தினமும் காலை ஆறு மணிக்கு அவர்தான் மாத்திரையைப் பொடிப்பார். ஒரு நாள் தவறியதில்லை.

வேலையை அவர் விடவில்லை. வேறு எங்கே போவார்? டாக்டரம்மா நீலக் குட்டிகளில் பாதியைப் பிரித்து, பிறந்து இரண்டு வாரம் கழித்து மஞ்சளுக்குக் கொடுத்த மருந்தையே கொடுத்து வளர்த்திருந்தாள். அவை இப்போது பெரிய எலிகள். வெள்ளைக்கும் அவற்றுக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓடும், ஏறும், தின்னும். அடுத்த சோதனை தண்ணீர்த் தொட்டியில். வட்டமான தொட்டி, கலங்கல் தண்ணீர், ஓரிடத்தில் மட்டும் தண்ணீருக்கு ஒரு விரற்கடை கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். எலியை விட்டால் நீந்திப் போய் மேடையைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். வெள்ளை எலிகள் நான்காம் நாள் நேராக அங்கே போய்விடும். தாமதமாக மருந்து கிடைத்தவை பத்தாம் நாளும் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நீந்தின. ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு முதல் நாள்தான். அறுபது விநாடி முடிந்ததும் அவர் கையை விட்டுத் தூக்குவார், துணியில் துடைப்பார், விளக்கடியில் வைப்பார், அடுத்ததை விடுவார். நான் வாளியோடு போனபோது ஒரு தடவை அப்படிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

குழந்தைக்குப் பத்து மாதம். ஒரு விடுமுறை நாள், காலை வேளை, நானும் அங்கே இருந்தேன். பாயில் மல்லாந்து கிடந்தவள் திடீரென்று ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். இடுப்பு திரும்பியது. தோள் மாட்டிக்கொண்டது. முக்கினாள், சிவந்தாள், மாட்டிய கையை இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தாள். முதல் தடவை. யாரும் உதவவில்லை.

என் தங்கை போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள், பாயில் உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு ஆறு மாதத்துக்கு மேல் பேசாதவள் நேராக அவரைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? திரும்பிட்டா! பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது.

"இனிமே எல்லாம் சரியாயிடும்ல? பள்ளிக்கூடம் போவா, படிப்பா, எல்லாப் புள்ளைங்க மாதிரியும் இருப்பா, இல்ல? நீங்கதான் தினம் பாக்குறவரு. சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். இன்றைக்கு ஒரு நாளாவது அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கண்ணால் கெஞ்சினேன்.

"நடப்பா" என்றார். "ஓடுவா. ஆனா படிக்கிறது, ஞாபகம் வெக்கிறது... அதுல பின்தங்கித்தான் இருப்பா. லேட்டா மருந்து கெடச்ச குட்டிங்க எல்லாம் அப்படித்தான் இருக்கு."

என் தங்கை முகத்தில் இருந்த சிரிப்பு போக வழி தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"இதை மட்டும் ஏன் உடனே சொல்றீங்க?" என்று கேட்டாள்.